சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம்

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்த அழைப்பு வந்தது.

"தம்பி, பால்குடத்துக்குப் பேரு குடுக்கணும். பட்டன அமுக்கிட்டேன். சுத்துது, சுத்துது, ஒண்ணும் வரல. மறுபடி அமுக்கவா?"

பேசியவர் செமினி பக்கம் பழைய தோட்டத்து வீடொன்றில் இருக்கும் அம்மா. பால்மரம் வெட்டி ஓய்வுபெற்றவர். "இன்னொரு தடவ அமுக்குங்கம்மா" என்றேன். எனக்கு அழைப்பதற்கு முன்பே அவர் மூன்று தடவை அமுக்கியிருந்தது எனக்குத் தெரியாது. மாலையில் பதிவேட்டைத் திறந்தால் ஒரே பெயரில், ஒரே அடையாள அட்டை எண்ணில் நான்கு பால்குடம். வங்கியில் இரண்டு முறை பணம் பிடித்திருந்தார்கள். முதியவரின் கணக்கில் அந்தத் தொகை சின்னதல்ல.

அந்த அகப்பக்கத்தை அமைத்துக் கொடுத்தவன் நான். காஜாங் வட்டாரத்துக் கோவில் ஒன்றுக்காகச் செய்தது. என் வீட்டு ஃபைபர் இணைப்பில், புது மடிக்கணினியில், இரண்டு விநாடிக்குள் திறந்தது. நண்பர்கள் சிலருக்கு அனுப்பினேன். அவர்களுக்கும் உடனே திறந்தது. அவர்கள் எல்லாரும் என்னைப் போலவே தாமான்களில், ஃபைபர் உள்ள வீடுகளில் இருப்பவர்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், மன்னிப்புக் கேட்டோம். ஆனால் "மறுபடி அமுக்கவா?" என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அந்தக் கேள்விக்குப் பக்கமே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, ஏனென்றால் மெதுவான இணைப்பில் அது எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

தட்டின் அகலம், அடுப்படியின் தூரம்

இணையம் மெதுவாக இருக்கிறது என்று நாம் ஒரே சொல்லில் சொல்லும் தொல்லைக்குள் இரண்டு வெவ்வேறு தொல்லைகள் இருக்கின்றன. மாமாக் கடையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பணியாளரிடம் ரொட்டி சானாய் இரண்டு என்கிறீர்கள். உள்ளே போகிறார். திரும்பி வந்து "முட்டை போடவா?" என்கிறார். உள்ளே போகிறார். மறுபடி வந்து "பருப்பா, மீன் குழம்பா?" மறுபடி உள்ளே. அவர் கையிலிருக்கும் தட்டு எத்தனை ரொட்டி கொள்ளும் என்பது ஒரு கணக்கு. அடுப்படி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது வேறு கணக்கு. அடுப்படி பத்தடியில் இருந்தால் நான்கைந்து நடை பெரிதாகத் தெரியாது. அடுத்த தெருவில் இருந்தால் எவ்வளவு பெரிய தட்டைக் கொடுத்தாலும் பசி அடங்காது.

தொலைபேசி நிறுவனங்கள் விளம்பரப்படுத்துவது தட்டின் அகலத்தை: விநாடிக்கு 100 மெகாபிட், 300 மெகாபிட். தூரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் நம் பிள்ளைகள்தான். மொபைல் லெஜண்ட்ஸ் விளையாடும் பையனைக் கேட்டுப் பாருங்கள், "பிங் 200-க்கு ஏறிடுச்சு" என்பான். ஒரு செய்தி போய்த் திரும்பி வர ஆகும் நேரம் அது. மில்லிவிநாடியில் எண்ணுகிறார்கள்.

அந்தத் தூரத்தை எந்தக் கொம்பனாலும் முழுக்கக் குறைக்க முடியாது, ஏனென்றால் அது இயற்பியல். கண்ணாடி இழைக்குள் ஒளி மில்லிவிநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். காஜாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். போய் வர மூன்று நான்கு மில்லிவிநாடி போதும், நடைமுறையில் பத்தை ஒட்டி வரும். அமெரிக்காவின் மேற்குக் கரை சுமார் 14,000 கிலோமீட்டர். கம்பி நேர்கோட்டில் கிடந்தாலே போய் வர 140 மில்லிவிநாடி. கடலடியில் வளைந்து, பல நிலையங்களில் மாறிப் போகும்போது 200-ஐத் தொடும். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போனால் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி என நான்கு பயணம். அதற்கே அரை விநாடி கரைந்துவிடும்.

இனி நடைகளை எண்ணுங்கள். ஒரு பக்கத்தை முதல்முறை திறக்கும்போது, அதன் முகவரியைத் தேட ஒரு நடை. அந்தக் கணினியோடு தொடர்பு ஏற்படுத்த ஒரு நடை. இடையில் யாரும் ஒட்டுக்கேட்காதபடி பூட்டுப் போட்டுக்கொள்ள, பழைய டிஎல்எஸ் 1.2 முறையில் இரண்டு நடை. 2018-இல் வந்த 1.3 முறையில் ஒன்று. பிறகுதான் "பக்கத்தைக் கொடு" என்று கேட்கும் நடை. ஆக, பழைய முறையில் ஒரு எழுத்துகூடத் திரையில் வருவதற்கு முன் ஐந்து நடை. அதற்குப் பிறகும் தரவு மொத்தமாகக் கொட்டாது. வழி எவ்வளவு தாங்கும் என்று தெரியாததால், முதலில் பத்துப் பொட்டலம், ஏறக்குறைய 14 கிலோபைட் அனுப்பும். பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்ததும் 28, அப்புறம் 56, அப்புறம் 112 என்று இரட்டிப்பாகும். பக்கத்தைக் கேட்ட அந்த நடையையும் சேர்த்து, ஒரு மெகாபைட் வந்து சேர ஏழு நடை ஆகும். போய் வர அரை விநாடி எடுக்கும் பலவீனமான இணைப்பில் மொத்தம் பதினொரு நடைக்கும் ஐந்தரை விநாடி. தட்டு எவ்வளவு அகலம் என்ற பேச்சே இங்கே வரவில்லை, கவனியுங்கள். எழுத்துரு ஓரிடம், விளம்பரம் ஓரிடம், முகநூல் பெட்டி ஓரிடம் என்று ஆறேழு இடங்களிலிருந்து இழுக்கும் பக்கம் என்றால், ஒவ்வோர் இடத்துக்கும் இந்த நடை முதலிலிருந்து தொடங்கும்.

2006-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று தைவானின் தென்கரையில் நிலம் நடுங்கிக் கடலடிக் கம்பிகள் பல அறுந்தபோது மலேசியர்கள் இதை உடம்பால் உணர்ந்தார்கள். எஞ்சியிருந்த கம்பிகளில் நெரிசல். போக்குவரத்து உலகத்தைச் சுற்றிக்கொண்டு போனது. வெளிநாட்டுப் பக்கங்கள் பல வாரங்கள் ஊர்ந்தன. கம்பி என்பது கடலடியில் கிடக்கும் ஒரு பொருள், அது அறும் என்பது அன்று பலருக்குப் புதுச் செய்தி.

3ஜி போன பிறகு

காஜாங்கை வேகமில்லாத ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2017-இல் எம்ஆர்டி முழுப் பாதையும் திறந்தபோது அதன் தென்முனை இங்கேதான் அமைந்தது. சுற்றிலும் பல்கலைக்கழகங்கள், சைபர்ஜெயாவின் தரவு மையங்கள் கார் ஓட்டத் தொலைவில். ஆனால் இதே உலு லங்காட் மாவட்டத்தில் செமினியைத் தாண்டி உள்ளே போங்கள், மலையடிவாரத்துச் சாலைகளில் திரும்புங்கள். திரையின் மேல் மூலையில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். நகரத்துக்குள்ளேயும் அப்படித்தான். அடுக்குமாடி வீட்டின் பின்னறை, மின்தூக்கி, மருத்துவமனையின் கீழ்த்தளம் என்று இடம் இடமாக "லைன்" போகும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு மாற்றம் இருக்கிறது. 2020-இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டெலா திட்டத்தின் முதல் கட்டம், மக்கள் வாழும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜியையும், கைப்பேசி வேகத்தை விநாடிக்கு 35 மெகாபிட்டுக்கும் கொண்டுபோக இலக்கு வைத்தது. அதன் ஒரு பகுதியாக 2021 இறுதிக்குள் 3ஜி மூடப்பட்டது. அலைவரிசை 4ஜிக்குப் போனதால் பெரும்பாலோருக்கு நன்மைதான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2ஜியை விட்டுவைத்தார்கள். முன்பு 4ஜி மங்கினால் கைப்பேசி 3ஜியில் ஒரு படி இறங்கி நிற்கும். நடுவில் இருந்த அந்தப் படி இப்போது இல்லை. ஓரத்தில் இருக்கும் வீட்டில் 4ஜி நழுவினால் கைப்பேசி நேராக 2ஜிக்கு விழுகிறது. அங்கே ஒரு நடைக்கு அரை விநாடிக்கு மேல் ஆகும். ஆகவே, 3ஜியில் ஓடினால் போதும் என்று சோதிப்பவர் மலேசியாவில் இல்லாத ஓர் இணைப்பைச் சோதிக்கிறார். செமினி அம்மாவின் வீட்டில் நடந்தது இதுதான் என்று பிறகு போய்ப் பார்த்தபோது தெரிந்தது. வாசலில் 4ஜி. சாமி மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அவர் உட்காரும் இடத்தில் 2ஜி.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18-ஆம் தேதி தொடங்கியபோது இந்த இடைவெளி திடீரென்று எல்லார் வாழ்க்கைக்குள்ளும் வந்தது. ஜூன் மாதம் சபாவின் பித்தாஸ் மாவட்டத்துப் பல்கலைக்கழக மாணவி ஒருவர் தேர்வெழுத மரத்தில் ஏறித் தங்கிய காணொளியை நாடே பார்த்தது. அந்தப் பெண் எழுதிய தேர்வுப் பக்கம் எத்தனை மெகாபைட் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கோபுரம் கட்ட வேண்டும் என்றார்கள், சரி. கோபுரம் எழும்பும் வரை பக்கத்தை இளைக்க வைத்திருக்கலாம் அல்லவா?

மறு ஆண்டு மே 2-ஆம் தேதி, சிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்கும் அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிப் பதிவு நண்பகலில் திறந்தது. முந்துபவருக்கே முதலிடம். 268,600 இடங்கள் அன்று பிற்பகலுக்குள் தீர்ந்தன. நமக்குப் பக்கத்தில் பாங்கியில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழகமும் ஊசி போடும் மையங்களில் ஒன்றாக இருந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரண்டாம் சுற்றில் பக்கம் திணறியது. பொறுப்பு அமைச்சர் கைரி ஜமாலுடின் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அன்றைய திணறல் பெரும்பாலும் கூட்டத்தின் சுமை, தூரத்தின் தாமதம் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முந்துபவருக்கே என்று வரிசை வைத்த நொடியிலேயே, 20 மில்லிவிநாடி இணைப்பில் இருப்பவரையும் 700 மில்லிவிநாடி இணைப்பில் இருப்பவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டோம். ஒவ்வொரு படிவத்துக்கும் ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னவர் பின்தங்கிக்கொண்டே போவார். உயிர் சம்பந்தப்பட்ட வரிசை அது.

கணக்கில் வராதவர்கள்

இந்தத் துறையில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் ஒரு சம்பவம் உண்டு. யூடியூபில் பொறியாளராக இருந்த கிறிஸ் ஸகாரியாஸ் 2012-இல் அதை எழுதினார். அவர்களுடைய காணொளிப் பக்கம் 1.2 மெகாபைட்டுக்கு வீங்கியிருந்தது. நூறு கிலோபைட்டுக்குள் அடக்கிக் காட்டுகிறேன் என்று இறங்கினார். தேவையற்றதை எல்லாம் வெட்டி 98 கிலோபைட்டுக்குக் கொண்டுவந்து, ஃபெதர் என்று பெயரிட்டார். இறகு என்று பொருள். ஒரு சிறு பகுதிப் பயனர்களுக்குத் திறந்துவிட்டு ஒரு வாரம் கழித்துக் கணக்கைப் பார்த்தார். பக்கம் திறக்கும் சராசரி நேரம் குறையவில்லை, கூடியிருந்தது!

குழம்பிப்போய்க் கைவிட இருந்த நேரத்தில், யார் எங்கிருந்து பார்த்தார்கள் என்று பிரித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. தென்கிழக்காசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, சைபீரியா. முன்பு அந்தப் பக்கம் திறக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும் என்பதால் அந்த ஊர்களிலிருந்து எவரும் காத்திருந்ததே இல்லை. இறகு வந்த பிறகு இரண்டு நிமிடத்தில் திறந்தது. இரண்டு நிமிடம்! நாம் தூக்கி எறிந்துவிடும் நேரம். அவர்களுக்கு அது முதன்முதலாகத் திறந்த கதவு. கூட்டமாக உள்ளே வந்தார்கள். அவர்களுடைய மெதுவான இணைப்புகள் முதல்முறையாகக் கணக்கில் ஏறியதால்தான் சராசரி கூடியது.

நாம் இருக்கும் வட்டாரத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நம் கோவில் பக்கத்தின் புள்ளிவிவரமும் "சராசரி மூன்று விநாடி" என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. அந்த மூன்று விநாடி, திறந்தவர்களின் சராசரி. அலுத்துப்போய் மூடியவர், மூன்று முறை அமுக்கிவிட்டுத் தொலைபேசியை எடுத்தவர், பேத்தியிடம் கேட்கலாம் என்று விட்டுவிட்டவர் எவரும் அதற்குள் இல்லை. கணக்கைப் பார்த்து அவர்களைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. கட்டுபவர் தாமே மெதுவாகிப் பார்த்தால்தான் உண்டு.

பெரிய அமைப்புகள் இதை உணர்ந்தே செயல்பட்டிருக்கின்றன. ஃபேஸ்புக் 2015-இல் தன் ஊழியர்களுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணி நேரம் 2ஜி வேகத்தில் செயலியைப் பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்பைக் கொடுத்தது. பிரிட்டன் அரசின் ஒரே நுழைவாயிலான அகப்பக்கம் 2022-இல் வெறும் 32 கிலோபைட் கொண்ட ஒரு பழைய நிரல் தொகுப்பை நீக்கியது. வேகமான இணைப்பில் அது கண்ணுக்கே தெரியாது, மோசமான இணைப்பில் இருந்தவர்களுக்கே பலன் அதிகமாகக் கிடைத்தது.

மேசையிலேயே ஒரு கம்போங்

சோதிக்கப் பணம் வேண்டாம். கணினியில் குரோம் உலாவியைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தினால் நெட்வொர்க் என்ற பகுதியில் இணைப்பை மெதுவாக்கும் வசதி இருக்கிறது. முன்பு "ஸ்லோ 3ஜி" என்றும் இப்போது வெறும் "3ஜி" என்றும் இருக்கும் தேர்வு, வேகத்தை விநாடிக்கு 400 கிலோபிட்டாகக் குறைத்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் இரண்டு விநாடித் தாமதம் சேர்க்கிறது. தொடக்கத்துக்கு நல்லது. முதல்முறை தம் பக்கத்தை அதில் பார்ப்பவர் முகம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அந்தத் தாமதத்தை உலாவி தன் பக்கத்திலிருந்து பூசுகிறது. பொட்டலங்கள் உண்மையில் வேகமாகத்தான் போய் வருகின்றன. பாதி வழியில் பொட்டலம் தொலைவதும், தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்குவதும், லைன் பத்து விநாடி செத்து உயிர்பெறுவதும் அதில் சரியாக வராது. லினக்ஸ் கணினியில் நெட்டெம் என்ற வசதி உண்டு. ஒரே வரிக் கட்டளையில், வெளியே போகும் ஒவ்வொரு பொட்டலத்தையும் இத்தனை மில்லிவிநாடி பிடித்துவை, நூற்றில் இத்தனையைத் தொலைத்துவிடு என்று சொல்லலாம். ஆப்பிள் கணினிக்காரர்களுக்கு நெட்வொர்க் லிங்க் கண்டிஷனர் இருக்கிறது. ஏஓஎல் நிறுவனத்தில் பாட்ரிக் மீனன் உருவாக்கி 2008-இல் எல்லாருக்கும் திறந்துவிட்ட வெப்பேஜ்டெஸ்ட், பக்கம் விநாடிக்கு விநாடி எப்படி நிரம்புகிறது என்பதைப் படச்சுருளாகவே காட்டும். அதில் வெற்று வெள்ளைத் திரை எத்தனை சட்டங்களுக்கு நீள்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட நான் நம்புவது ஒரு பழைய கைப்பேசியை. அலமாரியில் கிடக்கும் மலிவுவிலை ஆண்ட்ராய்டை எடுத்து, அமைப்புகளில் "2ஜி மட்டும்" என்று வைத்து, மலிவான டாப்-அப் போட்டு, உங்கள் பக்கத்தில் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்யுங்கள். முகப்பைப் பார்த்தால் போதாது. படிவத்தை நிரப்புங்கள், படத்தை ஏற்றுங்கள், எஃப்பிஎக்ஸ் வழியாகப் பணம் கட்டுங்கள். நடுவில் மின்தூக்கிக்குள் ஒருமுறை போய் வாருங்கள். மெதுவாக இருக்கிறது என்பதைத் தாண்டிய பிழைகள் அப்போதுதான் வெளியே வரும். ஒரே பதிவு நான்காகும். வங்கியின் ஒப்புதல் வந்துசேர்வதற்குள் பக்கம் காலாவதியாகும். பாதி நிரப்பிய படிவம் அழிந்துபோகும். பணம் போய்விட்டதா இல்லையா என்று தெரியாமல் ஒருவர் இரவெல்லாம் விழித்திருப்பார்.

தமிழில் பக்கம் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. கணினிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒன்று. காஜாங் என்று தமிழில் எழுதினால் 18 பைட், ஆங்கிலத்தில் எழுதினால் 6. இதைச் சொல்லித் தமிழ் பாரமானது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. சேவையகத்தில் சுருக்கி அனுப்பும் வசதியைப் போட்டுவிட்டால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஒரு நீண்ட கட்டுரை முழுவதும் ஒரு சின்னப் படத்தின் எடைக்குக் கீழேதான் இருக்கும். தமிழ்ப் பக்கங்களைக் கனக்க வைப்பது அலங்கார எழுத்துருக்கள். இன்றைய கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு ஏற்கனவே இருக்கிறது. அதை விட்டுவிட்டு இன்னொன்றை இறக்கச் சொல்கிறோம். அது வரும்வரை சில பக்கங்களில் எழுத்தே தெரியாது. தமிழை அழகாகக் காட்ட நினைத்துத் தமிழையே மறைத்துவிடுகிறோம்.

கூட்டத்துக்குப் போன கைப்பேசி

எங்கள் கோவில் பக்கத்தின் முகப்பில் கும்பாபிஷேகப் படங்கள் பதினான்கு இருந்தன. கேமராவிலிருந்து எடுத்தபடியே ஏற்றியவை. மேலே தானாக ஓடும் காணொளி, கீழே முகநூல் பெட்டி. பால்குடப் பதிவு எல்லாவற்றுக்கும் அடியில். எல்லாம் நிர்வாகக் குழு ஆசையாகக் கேட்டவை. நானும் ஆசையாகச் செய்தவை.

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பழைய கைப்பேசியைக் கொண்டுபோனேன். விளக்கம் எதுவும் சொல்லாமல் தலைவர் கையில் கொடுத்து, "பால்குடத்துக்குப் பேரு குடுங்கண்ணே" என்றேன். வாங்கினார். வெள்ளைத் திரை. வட்டம் சுற்றியது. அரை நிமிடம் போல யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தலைப்பில் இருக்கும் கோபுரப் படத்தின் மேல்பாதி வந்து நின்றது. அவர் திரையைத் தட்டினார். மறுபடி தட்டினார். பொருளாளர் அதை வாங்கி ஒருமுறை தட்டினார். கடைசியில் தலைவர் அதை மேசையில் வைத்துவிட்டு, "நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு இப்படித்தான் தெரியுதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு விவாதம் நடக்கவில்லை. படங்கள் எங்கே போகும் என்று மட்டும் ஒருவர் கேட்டார். தனிப் பக்கத்துக்குப் போகும், பார்க்க வேண்டும் என்பவர் தொட்டால் வரும் என்றேன்.

பதிவுப் பக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்து, சுருக்கிய பிறகு 14 கிலோபைட்டுக்குள் அடக்கினேன். முதல் தவணைப் பொட்டலங்களிலேயே முழுப் பக்கமும் வந்துவிடும். பொத்தானை ஒருமுறை தொட்டதும் அது சாம்பல் நிறமாகி, "உங்கள் பதிவு போய்க்கொண்டிருக்கிறது, மறுபடி அழுத்த வேண்டாம்" என்று காட்டும். ஒவ்வொரு படிவத்துக்கும் பின்னால் ஒரு சீட்டு எண் வைத்தேன். அதே எண் மறுபடி வந்தால் சேவையகம் இரண்டாவதாகப் பதியாது, பழைய பதிவையே திருப்பிக் காட்டும். நெட்டெம்மில் 800 மில்லிவிநாடித் தாமதம், நூற்றுக்கு ஐந்து இழப்பு என்று வைத்து இரண்டு இரவு முட்டிப் பார்த்தேன். பிறகு செமினிக்குப் போன் போட்டேன்.

"அம்மா, யாருக்காவது பேரு குடுக்க வேண்டியிருக்கா?"

"பேரனுக்கு இருக்கு தம்பி. அவனுக்கும் நேர்த்திக்கடன்."

"சாமி மேடைக்குப் பக்கத்துலயே உக்காந்து போட்டுப் பாருங்க."

தொலைபேசியில் பேசிக்கொண்டே அந்தக் கைப்பேசியில் இணையம் ஓடாது என்பதால் வைத்துவிட்டார். மேசையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஏழெட்டு நிமிடம் கழித்து அழைத்தார்.

"பச்சைக் கலர்ல அவன் பேரு வந்துருச்சு தம்பி. ஒரு நம்பரும் போட்டிருக்கு. இத எழுதி வெச்சிக்கணுமா?"